பன்னிரண்டு நாள் பழக்கம்

"உள்ள வா வெர்னா, சொன்னா கேளு—"

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு—"

"பத்து நிமிஷமா? உன் கையைப் பாத்தியா? கத்திரிக்கா மாதிரி—"

"நாலு மணி நேரம்னா நாலு மணி நேரம். மூணே முக்கால் இல்ல—"

"அது நாத்துக்குத்தாண்டி! நாத்துக்கு நாலு மணி நேரம்! நீ எதுக்குக் கூடவே குந்தியிருக்கே?"

"கத்தாதே. இதுங்களுக்குக் கேக்கும்."

நோலா பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். வெர்னா மறுபக்கத்தை விடவில்லை. காய்கறிக் கடையில் கேட்டு வாங்கிய வெள்ளைத் தெர்மாக்கோல் பெட்டி அது. உள்ளே பன்னிரண்டு தயிர் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தக்காளி நாற்று. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் ஓரத்து டப்பா ஒன்று சரிந்து சிமெண்டுப் படியில் விழுந்தது. தண்டு முறிகிற சத்தம் சின்னதுதான். ஒரு தீக்குச்சி ஒடிகிற அளவு.

"பன்னெண்டு இருந்துச்சு," என்றாள் வெர்னா.

"தெரியாம விழுந்துடுச்சு. வேற வாங்கித் தரேன். கடைல ஆறு நாத்து சேத்து ஒரு தட்டா விக்கிறான்."

"இப்ப பதினொண்ணு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நோலாவும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். வெர்னா கோபப்படவில்லை. முறிந்த நாற்றைக்கூட அவள் பார்க்கவில்லை. தோட்டத்தின் கோடியில் இருந்த பாத்தியைப் பார்த்துச் சொன்னாள், அங்கே நிற்கிற யாருக்கோ தகவல் சொல்வதுபோல.

பாத்தியில் யாரும் இல்லை. பன்னிரண்டு மரக்குச்சிகள் வரிசையாக நின்றன, அவ்வளவுதான். ஒவ்வொரு குச்சியின் அடியிலும் ஒரு குழி. அதையெல்லாம் தோண்டியவன் கிளெம், வெர்னாவின் கணவன். பூமியின் தென்கோடித் தீவு அது, ஜூலையில்தான் குளிர்காலம். அந்தக் கடுங்குளிரில் தோண்டி, ஆட்டு எரு போட்டு, பன்னிரண்டாவது குழியின் விளிம்பில் மண்வெட்டியோடு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். வெளியூர் போயிருந்த வெர்னா மறுநாள் காலையில் வந்து கண்டெடுத்தபோது புருவத்தில் உறைபனி பூத்திருந்தது.

நோலா அக்கா, வெர்னா தங்கை. நோலாவுக்கு வடக்குக் கடலோரம் டெவன்போர்ட்டில் வீடு, அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு தெற்கே இந்த ஹுவான் பள்ளத்தாக்குக்குச் சனிக்கிழமை வந்து சேர்ந்தாள். தங்கையைத் தன்னோடு அழைத்துப் போக வேண்டும், அது ஒன்றே அவளுக்கு வேலை. மூன்று மாதமாகப் போனில் கேட்டுப் பார்த்தாயிற்று. வெர்னா ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நாத்து மண்ணுக்குப் போகட்டும், வரேன்."

மண்ணுக்குப் போக நாள் இருந்தது. அந்தப் பக்கத்து மனிதர்கள் ஷோ டேக்கு முன்னால் தக்காளி நட மாட்டார்கள். அக்டோபர் கடைசியில் ஹோபர்ட் நகரத்தில் விவசாயக் கண்காட்சி நடக்கிற வியாழக்கிழமைதான் அவர்களுக்குக் கணக்கு. அதுவரை மலை உச்சியில் பனி கிடக்கும், ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் நாற்றெல்லாம் வேகவைத்த கீரைபோலக் கறுத்துத் தொங்கிவிடும். அந்த வியாழனோடு சேர்த்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நாற்றை வெளியே பழக்க ஆரம்பிக்க வேண்டும் என்பது கிளெமின் சட்டம். முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் வீட்டுக்குள். இரண்டாம் நாள் இரண்டு மணி நேரம். கடைசி நாள் உள்ளே எடுப்பதே இல்லை.

ஜனவரியிலேயே வருஷம் முழுவதற்கும் காலண்டரில் எழுதிவைக்கிற பழக்கம் அவனுக்கு. தீவனக் கடைக் காலண்டர் குளிர்பெட்டியின் கதவில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் பென்சிலால் "வெ. 1" என்று இருந்தது. திங்களில் "வெ. 2". அப்படியே ஏறிக்கொண்டு போய், ஷோ டே கட்டத்தில், "வெ. உள்ளே வேண்டாம்."

"இது என்ன 'வெ'?" என்று ஞாயிறு காலையில் நோலா கேட்டிருந்தாள்.

"வெளியேன்னு அர்த்தம். வேற என்ன?" என்று சொல்லிவிட்டு வெர்னா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். நாற்றோடு தானும் ஒரு மணி நேரம் பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, பெட்டியோடு உள்ளே வந்தாள். திங்கட்கிழமை இரண்டு மணி நேரம். அப்போதெல்லாம் நோலா ஒன்றும் நினைக்கவில்லை. துக்கம் ஆளுக்கு ஆள் ஒவ்வொரு மாதிரி. சிலர் அழுவார்கள், சிலர் அலமாரி துடைப்பார்கள். இவள் நாற்றுக்குக் காவல் இருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும்.

நாலாவது நாளான அந்தப் புதன்கிழமைதான் கையைப் பார்த்தாள். முழங்கையிலிருந்து விரல்வரை ஊதா நிறம். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, எட்டு டிகிரி குளிரில் உட்கார்ந்திருந்தாள் வெர்னா. தொட்டால் கை சில்லென்றுகூட இல்லை. படிக்கல்லைத் தொட்டது போல இருந்தது.

* * *

வியாழக்கிழமை நோலா டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டாள். இந்த வாரம் இடமில்லை, அடுத்த வாரம் வியாழன் விடுமுறை, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அழைத்து வாருங்கள் என்றாள் அங்கிருந்த பெண். நோலா அந்த வெள்ளிக்கிழமையை மனதில் ஆணியடித்துக்கொண்டாள். காலையில் டாக்டர், அங்கிருந்து நேரே வடக்கே. அதுவரை இவளைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும்.

அன்று வெர்னாவோடு தானும் போய்ப் படியில் உட்கார்ந்தாள். கோட்டு, அதன்மேல் கம்பளிப் போர்வை, கையில் ஃபிளாஸ்க்.

"எதுக்கு நீ வரே? சூப்பு அடுப்புல இருக்குல்ல," என்றாள் வெர்னா.

"ஏன், உன் நாத்தை நான் தின்னுடுவேனா? ஐஞ்சு மணி நேரம் தனியா உக்காந்து என்ன பேசுவே? இந்தா, டீ குடி."

"வேண்டாம். இப்பல்லாம் தண்ணி கொஞ்சமாத்தான்."

"யாரு சொன்னா?"

"பழக்கும்போது தண்ணியக் குறைக்கணும் நோலா. அது தெரியாதா உனக்கு?"

"நான் முதியோர் இல்லத்துல கஞ்சி காய்ச்சறவ. எனக்கு எங்க தெரியும்? சொல்லேன், எப்படித்தான் பழக்குவாங்க?"

தங்கையைப் பேச வைக்கத்தான் கேட்டாள். வெர்னாவும் ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். மூன்று மாதத்தில் அவள் இவ்வளவு பேசி நோலா கேட்டதில்லை.

"முதல்ல சூட்டை நிறுத்தணும். கணப்பு பக்கத்துலயே வளந்த குழந்தைங்க, அதுங்களுக்கு உலகம் தெரியாது. அப்புறம் தண்ணி. வேர் கொஞ்சம் தவிக்கணும், அப்பதான் கீழ தேடிப் போகும். ராத்திரில ஜன்னலைத் திறந்து வைக்கணும். தினம் ஒரு மணி நேரம் கூட. அப்புறம் முக்கியமா, உள்ளங்கையால தலையைத் தடவிக் குடுக்கணும். இப்படி. கிளெம் தினம் பத்துத் தடவை தடவுவான். காத்து அடிக்குதுன்னு நினைச்சுக்கிட்டுத் தண்டு உரம் ஏறும்."

"பழகிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"தண்டு ஊதாவா மாறும். அப்புறம் பனியே விழுந்தாலும் ஒண்ணும் செய்யாது. உள்ளயும் இருக்கப் பிடிக்காது அதுக்கு."

சொல்லிவிட்டு வெர்னா சிரித்தாள். நோலாவும் சிரிக்கப் போனவள், பாதியில் நின்றுவிட்டாள். வீட்டில் விறகுக் கணப்பு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எரியவில்லை. விறகு ஈரம் என்று வெர்னா சொன்னதை அவள் நம்பியிருந்தாள். ராத்திரியெல்லாம் தங்கையின் அறை ஜன்னல் திறந்து கிடக்கிறது. மூச்சு முட்டுகிறது என்று சொன்னதையும் நம்பியிருந்தாள். காலையில் போட்டுக் கொடுத்த டீ அப்படியே ஆடை கட்டி மேஜையில் இருக்கிறது. அந்தக் கைகள்.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. காற்று சுத்தமாக இல்லை. பக்கத்துத் தோப்பில் ஆப்பிள் பூ ஒன்றுகூட ஆடவில்லை. வெர்னாவின் நரைத்த குட்டை முடி மட்டும் நெற்றியிலிருந்து பிடரிவரை மெல்லப் படிந்து எழுந்தது. மறுபடி படிந்து எழுந்தது. வெர்னா கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்துக் கொடுத்தாள், பூனை கொடுப்பதுபோல.

பத்து. நோலா எண்ணினாள். சரியாகப் பத்துத் தடவை.

* * *

"ஏய், போன வருஷக் காலண்டர் இருக்கா?"

"கீழ் டிராயர்ல. எதுக்கு?"

"சும்மாதான்."

கிளெம் எதையும் தூக்கி எறியாதவன். பழைய ஜன்னல் தட்டிகளைக்கூட வெட்டித் துண்டுபோட்டு, நாற்றின் பெயர் எழுதிக் குத்திவைக்க வைத்துக்கொண்டவன். டிராயரில் ஏழு வருஷக் காலண்டர்கள் ரப்பர் வளையம் போட்டு இருந்தன. நோலா சனிக்கிழமை மத்தியானம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அக்டோபர் தாள்களை மட்டும் புரட்டினாள்.

போன வருஷம்: "நா. 1. நா. 2. நா. 3." முந்தின வருஷமும் "நா." தான். நாற்றுக்கு "நா." பூசணிக்குப் "பூ." ஏழு வருஷத்திலும் ஒரு இடத்தில்கூட "வெ." இல்லை. இந்த வருஷம்தான், அவன் செத்துப்போகிற வருஷத்து ஜனவரியிலேயே உட்கார்ந்து, பன்னிரண்டு கட்டங்களில் எழுதியிருக்கிறான்.

வெ.

போன வருஷத் தாளையும் இந்த வருஷத் தாளையும் கொண்டுபோய்ப் படியில் உட்கார்ந்திருந்தவளின் மடியில் போட்டாள். "இதப் படி. இது வெளியே இல்ல. இது உன் பேரு."

வெர்னா பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள். பயந்துபோவாள் என்றுதான் நோலா எதிர்பார்த்தாள்.

"அடப் பாவி," என்றாள் வெர்னா, வெட்கப்பட்ட குரலில். "முப்பத்தஞ்சு வருஷத்துல என் பேரை எங்கயுமே எழுதினதில்ல அவன். கல்யாண நாளைக்கூட மறந்துடுவான்."

"உனக்குப் புத்தி இருக்கா? இப்பவே கிளம்பு. வண்டில ஏறு."

"நாத்தை யாரு நடுவா?"

"நாசமாப் போகட்டும் நாத்து!"

"நட்டுட்டு வரேன்னு சொன்னேன்ல நோலா. பன்னெண்டு குழியும் நிறைஞ்சா அவன் என்னை எதுக்குக் கூப்பிடப் போறான்? நட்ட அன்னிக்கு எந்தக் குழியும் வெறுமையா ராத்திரி தங்கக் கூடாது. அதுதான் அவன் சட்டம். ஒரு வருஷம் ஒண்ணு குறைஞ்சுதுன்னு, மழையில போயி யார் வீட்டுலயோ கெஞ்சி ஒரு நாத்து வாங்கிட்டு வந்தான். இப்ப பதினொண்ணுதான் இருக்கு." அவள் நோலாவை நிமிர்ந்து பார்த்தாள். "நீதானே தள்ளி விட்டே."

அது குத்தியது. அந்தக் குத்தலோடுதான் நோலா சாயங்காலம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். பன்னிரண்டாவது குழியை மண் போட்டு மூடி, ரப்பர் பூட்ஸ் காலால் மிதிமிதியென்று மிதித்துச் சமப்படுத்தினாள். "நிறைஞ்சுதா கிளெம்? திருப்தியா?" என்று சத்தமாகவே கேட்டாள். மேலே ஒரு கருங்கிளிக் கூட்டம் கத்திக்கொண்டு போயிற்று.

ஞாயிறு காலையில் குழி திறந்திருந்தது. எடுத்த மண் பக்கத்தில் எங்கும் இல்லை. வெர்னாவின் நகங்களைப் பிடித்துப் பார்த்தாள், சுத்தமாக இருந்தன. மண்வெட்டி, ராத்திரி நோலா கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்த இடத்திலேயே இருந்தது. குழி முன்னைவிடக் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. இரண்டு கால் சேர்த்து வைக்கிற அளவு.

* * *

அதற்குப் பிறகு நோலா தங்கையை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடவில்லை. கட்டாயப்படுத்தி உள்ளே வைத்துப் பார்த்தாள் ஒரு காலை. வெர்னா கதவருகில் நின்று, மீன் மூச்சுவிடுவதுபோல வாயைத் திறந்து திறந்து மூடினாள். முகம் வெளிறிப் போயிற்று. கதவைத் திறந்து வெளியே விட்டதும் நிறம் வந்தது. ஆகவே நோலா வேறு வழி பார்த்தாள். நீ வெளியே இருந்தால் நானும் வெளியே. எட்டு மணி நேரம் என்றால் எட்டு. ஒன்பது என்றால் ஒன்பது. பள்ளிக்கூடக் காலத்துச் சண்டைகளையெல்லாம் கிளறினாள். யார் யாரைக் காதலித்தார்கள் என்று வம்பு பேசினாள். முதியோர் இல்லத்தில் பல்செட்டை மாற்றிப் போட்டுக்கொண்ட இரண்டு கிழவர்களின் கதையைச் சொல்லி வெர்னாவைச் சிரிக்க வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை, பத்தாவது நாள், மலைமேல் புதுப் பனி விழுந்திருந்தது. மல்லாந்து படுத்த பெண்போல இருப்பதால் அந்த மலைக்குத் தூங்கும் அழகி என்று பேர். அன்று அவள் முகமெல்லாம் வெள்ளை.

"நோலா, உன் போர்வை எங்க?" என்று கேட்டாள் வெர்னா.

"உள்ளயே விட்டுட்டேன் போல."

"கோட்டு?"

"இன்னிக்குப் பரவால்லடி. அவ்வளவு குளிர் இல்ல."

வெர்னா அக்காவை ஒரு மாதிரி பார்த்தாள். ஃபிளாஸ்க்கில் டீ மத்தியானம்வரை மூடியபடியே இருந்தது.

"இங்க பாரு," என்றாள் நோலா, "பன்னெண்டாவது குழிக்கு ஒரு முட்டைக்கோசு வச்சா ஆகாதா? இல்ல, ஒரு வெங்காயம்?"

"வெளிய பழகினதா இருக்கணும். உள்ளேர்ந்து நேரா கொண்டுபோயி நட்டா ஒரே ராத்திரில செத்துடும். செத்தா மறுபடி குழி காலிதானே?"

"கடைல வெளி மேடைல அடுக்கி வச்சிருக்கானே நாத்து, அது பழகினதுதானே?"

வெர்னா யோசித்தாள். "அது பழகினதுதான்," என்றாள். பத்து நாளில் முதல் தடவையாக அவள் குரலில் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. "அது இருந்தாப் போதும் நோலா. பன்னெண்டும் நிறைஞ்சிடும். நான் உன்கூட வந்துடுவேன்."

"வாங்கி நாள் கணக்குல வச்சிருந்தா இதையும் நாம ரெண்டு பேரும் இழுத்து ஒடிச்சு வைப்போம். வியாழக்கிழமை மத்தியானம் போயி சூடா வாங்கிட்டு வரேன், பொழுது சாயறதுக்குள்ள நட்டுடுவோம். வெள்ளிக்கிழமை கிளம்பறோம். சரியா?"

"சரி," என்றாள் வெர்னா. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் ஒரே குளிர்ச்சியில் இருந்ததால் நோலாவுக்கு அது உறைக்கவில்லை.

* * *

வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிவரை இருவரும் படியில் இருந்துவிட்டு, நோலா வண்டியை எடுத்தாள். பாலம் தாண்டியதும்தான் ரோட்டில் வேறு வண்டியே இல்லை என்பது தெரிந்தது. நாற்றுக் கடையின் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்: "ஷோ டே. நாளை வருக."

நோலா ஸ்டியரிங்கில் தலையை இடித்துக்கொண்டாள். பன்னிரண்டு நாளாக வாய் ஓயாமல் ஷோ டே, ஷோ டே என்று கேட்டுக்கொண்டிருந்தவள்தான். டாக்டர் கிளினிக்குப் பெண்கூட விடுமுறை என்று சொன்னாள். ஆனால் வடக்கே அவள் ஊரில் இது வெறும் வியாழக்கிழமை. அங்கே கண்காட்சி வேறொரு நாள், விடுமுறை வேறொரு நாள். நாற்பது வருஷம் அங்கே இருந்துவிட்டதில், நடவேண்டிய நாளும் கடை அடைக்கிற நாளும் ஒன்று என்பது மண்டையில் ஏறவே இல்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் மேடைமேல் நாற்றுகள் தட்டுத் தட்டாக நின்றன. கையை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. வரும் வழியில் ஆறு வீடுகளில் கதவைத் தட்டினாள். நாய்தான் குரைத்தது. பள்ளத்தாக்கே ஹோபர்ட்டுக்குப் போய்விட்டிருந்தது, பரிசு மாட்டையும் ராட்டினத்தையும் பார்க்க. மேல் ரோட்டில் இன்னும் தள்ளிப் போய் நாலு வீடு பார்த்துவிட்டு அவள் திரும்பும்போது ஆறு தாண்டிவிட்டது. வெயில் மலைக்குப் பின்னால் சரிந்துவிட்டது. ஆற்றிலிருந்து வெள்ளையாக மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது.

பதினோரு நாற்றும் நட்டாயிற்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தட்டித் துண்டு குத்தியிருந்தது. வெர்னா பன்னிரண்டாவது குழியின் விளிம்பில், கிளெம் விழுந்துகிடந்த அதே இடத்தில், வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"செருப்பு எங்கடி?"

"டப்பாவோடயா நடுவாங்க?" என்றாள் வெர்னா.

நோலா ஓடினாள். ஓடி வந்து தங்கையின் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள். மரத்தை இழுப்பதுபோல இருந்தது.

"வாங்கிட்டு வந்தியா?"

"கடை சாத்தியிருக்கு. வெர்னா, உள்ள போலாம். ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி."

"உள்ளே வேண்டாம்னு எழுதியிருக்கான்."

"அவன் எழுதினா? செத்தவன் எழுத்துக்கு நீ எதுக்கு—"

"பன்னெண்டு நாள் பழகினது வேணும் நோலா. என்னைத் தவிர வேற எது இருக்கு இங்க?"

"காலி குழிதானே உன் பிரச்சினை? அதானே? நிறைஞ்சாப் போதும்ல?"

"போதும்."

"இந்தா!" என்றாள் நோலா. கோபம் தலைக்கு ஏறியிருந்தது. சின்ன வயதில் தங்கை சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது அவள் தட்டைப் பிடுங்கித் தானே ஒரு வாய் தின்று காட்டுவாளே, அதே கோபம். தங்கையை ஒரு தள்ளு தள்ளிவிட்டு இரண்டு காலையும் சேர்த்துக் குழிக்குள் வைத்தாள். "நான் நிறைச்சாச்சு. கண்ணால பாத்துக்கோ. பன்னெண்டு! இப்ப உள்ள போறியா இல்லியா?"

வெர்னா அவளைப் பார்த்தாள். பிறகு, யாரோ தண்ணீர் வாளியைத் தலையில் கவிழ்த்ததுபோல உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். பல் கிடுகிடுவென்று அடித்தது.

"ஐயோ... என்ன குளிருடா சாமி இது! காலு, காலெல்லாம்... நோலா, எனக்குக் குளிருது!"

"பின்ன குளிராதா? ஓடு! போயி கணப்பைப் பத்தவை. விறகு காஞ்சுதான் இருக்கு, பொய்காரி!"

வெர்னா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் புல்மேல் துள்ளித் துள்ளி ஓடினாள். பன்னிரண்டு நாளில் அவள் அப்படி ஓடி நோலா பார்க்கவில்லை. கதவு சாத்திய சத்தம் கேட்டது. சமையலறையில் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் புகைபோக்கியில் புகை வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நோலா நினைத்தாள். நாளைக் காலை பத்து மணிக்கு டாக்டர், மத்தியானம் வழியில் எங்காவது சாப்பாடு, சாயங்காலம் வீடு. தானும் உள்ளே போகலாம் என்று நினைத்தாள்.

எரு போட்ட மண் பாதத்துக்கு மெத்தென்று இதமாக இருந்தது. பாதத்துக்கா? குனிந்து பார்த்தாள். அவளுடைய ரப்பர் பூட்ஸ் இரண்டும் தூரத்தில் படியருகே ஜோடியாக நின்றன. எப்போது கழற்றினாள் என்று நினைவில்லை. அந்திக் கடைசி வெளிச்சத்தில் கணுக்கால் தெரிந்தது. நல்ல ஊதா நிறம்.

குளிர்ந்தால் பயந்திருப்பாள். குளிரே இல்லை.

ஐந்து மணி நேரம், ஆறு, எட்டு, பதினொன்று என்று தான் எத்தனை நாள் வெளியே உட்கார்ந்திருந்தோம் என்று எண்ண ஆரம்பித்தாள். முதல் நான்கு நாளை விட்டுவிடலாமே என்று பார்த்தாள். ஆனால் அந்த நாட்களிலும் துணி உலர்த்தினாள், விறகு அடுக்கினாள், தங்கையைக் கூப்பிடக் கதவுக்கும் படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஒரு மணி. இரண்டு மணி. எண்ணிக்கை தவறாமல் வந்து நின்றது.

காற்று இல்லை. பதினோரு நாற்றும் அசையாமல் நின்றன. நெற்றியில் ஒரு உள்ளங்கை பட்டது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. மெல்லப் பிடரிவரை தடவிப் போயிற்று. மறுபடி நெற்றிக்கு வந்தது. நோலா தலையைச் சாய்த்துக் கொடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சாய்த்துக் கொடுத்தாள்.

சமையலறையில் கெட்டில் விசிலடித்து அடங்கியது. பின்கதவு திறந்தது. இரண்டு கோப்பையையும் ஒரே கையில் பிடித்தபடி, நோலாவின் கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, வெர்னா வெளிச்சத்தில் நின்றாள். மூட்டத்துக்குள் அவளுக்கு நோலா தெரியவில்லை போலிருக்கிறது. குச்சி வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தாள், கண்ணை இடுக்கி இன்னொரு தடவை பார்த்தாள்.

"நோலா! டீ போட்டுட்டேன், பனி இறங்குது பாரு, உள்ள வா!"